கூரையைக் கழற்றச் சொன்ன தீர்ப்பு

தம்பிமாரே, பள்ளிவாசல் மரைக்கார் வேலைக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். இப்போது அதற்கு நிருவாக சபை உறுப்பினர் என்று பெயர் வைத்து, கையொப்பம் போட ஒரு கொப்பியும் வைத்திருக்கிறார்களாம். எங்கள் காலத்தில் கொப்பி இல்லை. இருந்திருந்தாலும் எனக்கு உதவியிருக்காது. நான் இரண்டாம் வகுப்பில் பாதிவரை படித்தவன். ஆனாலும் எங்கள் பள்ளிவாசலில் என் குடிக்கு, அதாவது உம்மா வழி வம்சத்துக்கு, மரைக்காராக இருபத்தெட்டு வருசம் இருந்தேன். அத்தனை வருசத்தில் நான் சொன்ன தீர்ப்புகளில் ஒன்றே ஒன்றுதான் மாற்றப்பட்டது. அதை மாற்றியவனும் நான்தான். மற்றதையெல்லாம் யாரிடம் கேட்டாலும் சொல்வார்கள். மாற்றிய ஒன்றை நான் சொல்லாவிட்டால் யாரும் ஒழுங்காகச் சொல்லமாட்டார்கள், கூட்டிக் குறைத்துச் சொல்வார்கள். அதனால் நானே சொல்லி எழுதுவிக்கிறேன்.

நான் எப்படி மரைக்காரானேன் என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். கல்முனைக்குடியில் கருவாட்டுக் கூடையைத் தலையில் வைத்து இறக்காமம் வரை நடந்து விற்று, அங்கிருந்து நெல்லைச் சுமந்துகொண்டு திரும்பி வந்தவன் நான். வழியில் யானைக்கு மூன்று தரம் ஓடியிருக்கிறேன். கூடையை ஒரு தரமும் போடவில்லை. பிறகு மாட்டுவண்டி வாங்கினேன், பிறகு இன்னொன்று. என் உம்மாவின் காக்கா, அதாவது என் மாமா, எங்கள் குடியின் மரைக்காராக இருந்தார். அவர் மவுத்தானபோது அந்த இடம் அவருடைய மகனுக்குப் போகவில்லை. மகன் தன் உம்மாவின் குடியல்லவா, அவன் நமக்கு வேறு ஆள். இடம் சகோதரியின் மகனுக்குத்தான் வரும். சகோதரிகளுக்கு மகன்மார் நான்கு பேர். ஒருவன் கூட்டத்தில் வாய் திறக்கமாட்டான், ஒருவன் திறந்தால் மூடமாட்டான், ஒருவனுக்கு வெற்றிலைக் கடையை விட்டு எழும்ப நேரமில்லை. மிச்சம் நான். ஐம்பதுகளில் அது, எனக்கு முப்பத்துநாலு வயது.

குடியும் இடமும் உம்மாவின் வழி என்றால் வீடும் அப்படித்தான். வீடு பெண்ணுக்கு. கலியாணம் முடித்தவன் தன் உடுப்புப் பெட்டியோடு பெண்ணின் வீட்டுக்குப் போகவேண்டும், போனபிறகு நாற்பது வருசமானாலும் அவன் அங்கே மாப்பிள்ளை. பள்ளியில் ஊரையே ஆட்டி வைக்கிற மனிதர், வீட்டில் கதவுக்குப் புதுப் பூட்டுப் போடவேண்டுமானால் மனைவியிடம் கேட்டுத்தான் போடுவார். இது எல்லோருக்கும் தெரியும். யாரும் வெளியே சொல்லிக்கொள்வதில்லை, அவ்வளவுதான்.

எங்கள் குடியில் ஆதம்பாவா என்று ஒருவன். தச்சு வேலை செய்கிற ஓடாவி, கைசுத்தமான வேலைக்காரன். அவன் கலியாணம் முடித்தது இன்னொரு குடியில், சரிபா என்ற பிள்ளையை. இரண்டு பிள்ளைகள். சரிபாவின் வீட்டுக்குத் தென்னோலைக் கிடுகுக் கூரை. ஆதம்பாவா ஒரு வருசம் வெளியூர் வேலைகளுக்கு இடையில் மரம் அரிந்து, கைமரம் போட்டு, குறுக்கே சலாகை அடித்து, ஓடு வாங்கி, தன் கையாலேயே அந்தக் கூரையை ஓட்டுக் கூரையாக்கினான். அந்தத் தெருவில் முதல் ஓட்டு வீடு அதுதான். அவன் கூரையைப் பார்த்துக்கொண்டே நடந்து வேலியில் முட்டிக்கொண்டதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன்.

ஒரு நாள் இறக்காமத்திலிருந்து வந்த விருந்தாளிகளிடம் அவன், "என்ட வீட்டுக்கு ஓடு போட்டுட்டன், பார்த்தீங்களா?" என்று கேட்டிருக்கிறான். தேத்தண்ணி கொண்டுவந்த சரிபா கோப்பையை வைத்துவிட்டுச் சொன்னாளாம்:

"வீடு என்ட. ஓடுதான் அவர்ட."

விருந்தாளிகள் சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்புத்தான் வினையானது. அன்றிலிருந்து புருசனும் பெண்சாதியும் கதைக்கவில்லை. மூன்றாம் நாள், வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் ஆதம்பாவா பள்ளியில் எழும்பி நின்றான்.

"ஓடு என்ட எண்டு அவவே சொல்லிட்டா. அப்ப என்ட ஓட்ட நான் எடுக்க ஏலுமா ஏலாதா? மரைக்கார்மார் சொல்லணும்."

அன்றைக்குத் தலைமை மரைக்கார் ஊரில் இல்லை, அக்கரைப்பற்றில் ஒரு கலியாணத்துக்குப் போயிருந்தார். புருசனின் குடிக்கு நான், பெண்ணின் குடிக்கு அவர்களுடைய மரைக்கார், இரண்டு பேரும்தான் பேசவேண்டும். அவர் வயதான மனிதர், மெதுவாகப் பேசுவார். "தலைவர் வரட்டுமே, தம்பி. செவ்வாய்க்கிழமை வந்துடுவார். அதுக்குள்ள இதுகள் ரெண்டும் கதைச்சிக்கும்" என்று என் காதோரம் சொன்னார்.

நான் மரைக்காராகி மூன்றாவது மாதம். பள்ளி நிறைந்த ஆட்கள். எல்லோரும் ஆண்கள், எல்லோரும் யாரோ ஒரு பெண்ணின் வீட்டில் இருக்கிறவர்கள். எல்லோருடைய கண்ணும் என் வாயில். தம்பிமாரே, அப்படி ஒரு நேரத்தில் செவ்வாய்க்கிழமை என்ற சொல் காதில் ஏறாது. நான் தொப்பியைச் சரிசெய்துகொண்டு எழும்பினேன்.

"வீடு அவவுட. அதுல ஒருவருக்கும் பேச்சில்ல. ஆனா ஒரு புருசன் தன்ட கையால வச்சத, அவன் எடுக்க விரும்பினா எடுக்கலாம். இது என்ட தீர்ப்பு."

பள்ளிக்குள் ஒரு முணுமுணுப்பு எழும்பியது. பாராட்டுகிற முணுமுணுப்பு. பின்வரிசையில் ஒருவர், "இவ்வளவு நாளும் இதச் சொல்ல ஒரு ஆள் இல்லாமப் போச்சே" என்றார். அதைக் கேட்டு நான் எவ்வளவு உயரம் வளர்ந்தேன் என்று சொன்னால் நம்பமாட்டீர்கள்.

என் கணக்கு என்னவென்றால், எவனாவது கூரையைக் கழற்றுவானா? இதைக் கேட்டு சரிபா பயந்து ஒரு நல்ல வார்த்தை சொல்வாள், அவன் வீட்டுக்குப் போய்ச் சோறு தின்பான், ஊர் என்னைப் பேசும். அவளுடைய மரைக்கார் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். அவள் அனுப்பிய பதில் இரண்டே சொல்:

"சரி, எடுக்கட்டும்."

சனிக்கிழமை காலையில் ஆதம்பாவா கூரைமேல் ஏறினான். கீழே சரிபா நின்று, அவன் இறக்கிய ஓட்டை ஒவ்வொன்றாக வாங்கி அடுக்கினாள். கோபத்தைக் கொஞ்சம்கூடக் காட்டவில்லை. "பாத்து இறக்குங்க. உங்கட பொருள், உடைஞ்சிடப் போகுது" என்று மட்டும் சொன்னாளாம். ஓட்டை ஏற்ற வண்டி கொடுத்தது நான். தீர்ப்புச் சொன்னவன் அதை நிறைவேற்றியும் வைக்கிறான் பார் என்று ஊர் சொல்லட்டும் என்று கொடுத்தேன்.

பின்னேரம் அஸர் தொழுகைக்கு முன்னால் வீடு வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது. அவள் குடிக்காரர் வந்து சமைக்கிற குசினிக்கும் ஓர் அறைக்கும் கிடுகு போட்டுக் கொடுத்தார்கள். மாரி தொடங்க ஒரு கிழமைதான் இருந்தது.

இனித்தான் என் தீர்ப்பின் கதை. ஆதம்பாவா ஓட்டு வண்டியோடு தன் உம்மாவின் வீட்டுக்குப் போனான். உம்மாவின் வீடு என்றால் என்ன, அது அவனுடைய ராத்தாவுக்கு, மூத்த சகோதரிக்கு, கொடுத்த வீடு. ராத்தா வாசலுக்கு வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்தாள்.

"நல்ல ஓடு தம்பி. என்ட குசினிக்குப் போடு. ஆனா போட்ட பிறகு அது என்ட. மறுகா ஏறிக் கழட்ட வந்துடாத."

"நான் வைக்கத்தான் இடம் கேக்கன், ராத்தா."

"வைக்கிற எண்டா கூரையிலதானே வைக்கணும்? வாசல்ல வச்சா பாம்பு வந்து படுக்கும்."

அங்கிருந்து சின்னம்மாவின் வீடு, அது சின்னம்மாவின் மகளுடையது. அங்கிருந்து கூட்டாளியின் வீடு, அது கூட்டாளியின் மாமியுடையது. ஊர் முழுக்க வண்டி சுற்றியது. தன் கையில் ஒரு முழுக் கூரையை வைத்திருந்த மனிதனுக்கு அதன் கீழே வைக்க ஒரு சுவர் கிடைக்கவில்லை. எங்கள் ஊரில் சுவரெல்லாம் பெண்களுடையது என்பது எனக்குத் தெரியாதா என்ன? தெரியும். தீர்ப்புச் சொல்லும்போது நினைவில்லை. கடைசியில் மாடுகள் களைத்துப்போய், நானே பள்ளி வளவில் ஹவுல் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் ஓட்டை அடுக்கச் சொன்னேன். தொழுகைக்குக் கைகால் கழுவி ஒழு எடுக்க வந்தவர்கள் ஒவ்வொருவரும் அதில் காலை இடித்துக்கொண்டார்கள். ஆதம்பாவா ஓட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அது களவு போகாமல் பார்த்துக்கொண்டிருந்தான். வேறு என்ன செய்வான்?

ஞாயிற்றுக்கிழமைக்குள் தீர்ப்பு ஊரெல்லாம் பரவிவிட்டது. ஒருவன் மாமியோடு சண்டை பிடித்துக்கொண்டு தான் போட்ட கதவைக் கழற்றித் தலையில் சுமந்துகொண்டு தெருவில் நின்றான். ஒருத்தி புருசன் வெட்டிய கிணற்றை எடுத்துக்கொண்டு போகச் சொல்லி நாலு பேர் முன்னால் கேட்டாளாம். இதையெல்லாம் கேட்டுவிட்டுப் பகல் சோற்றுக்கு வீட்டுக்குப் போனேன். என் மனைவி வாசலில் உட்காருகிற வாங்குப் பலகையில் சில சாமான்களை வரிசையாக வைத்திருந்தாள்.

"இதென்ன?"

"நீங்க வச்சது. எடுக்க விரும்பினா எடுக்கலாமாமே. குடை ஒண்டு. வெத்திலத் தட்டம் ஒண்டு, அதுல ஒரு பக்கம் உடைவு. ஒரு ஆட்டுக்குட்டி கொண்டுவந்தீங்க, அது செத்துப்போச்சு, கயிறு இந்தா இரிக்கி. சுவர்மணிக்கூட்ட நீங்களே கழட்டுங்க, எனக்கு எட்டாது."

"இஞ்ச பாரு, நான் சொன்னது ஆதம்பாவாட விசயத்துல."

"தீர்ப்புத்தானே? ஆளுக்கொரு தீர்ப்பா? மணிக்கூட்டக் கழட்டுங்க. ஆணிய விட்டுடுங்க. ஆணி என்ட வாப்பா அடிச்சது."

பதினாலு வருசம் அந்த வீட்டில் இருந்திருக்கிறேன். என் பங்கு ஒரு வாங்கின் பாதியைக்கூட நிரப்பவில்லை. சோறு போட்டாள், அது வேறு. ஆனால் முன்னால் உட்கார்ந்து நான் தின்பதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

செவ்வாய்க்கிழமை தலைமை மரைக்கார் வந்தார். எனக்கு இந்த வேலையைக் கற்றுத்தந்தவர் அவர்தான். பெயர் சொன்னால் அவருக்குப் பிடிக்காது, சொல்லமாட்டேன். வந்ததும் ஒழு எடுக்கப் போனார், ஓட்டில் கால் விரலை இடித்துக்கொண்டார். விரலைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே முழுக் கதையையும் என்னிடம் கேட்டார். நான் தீர்ப்பை எடுத்துச் சொன்னேன். உள்ளதைச் சொன்னால் கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன்.

"தீர்ப்பு நல்லாத்தான் இரிக்கி. எங்க கொண்டுபோய் வைக்கப்போறாய்?"

"ஓட்டையா?"

"தீர்ப்ப."

நான் ஓட்டுக் குவியலைப் பார்த்தேன். அவர் சொன்னார், "வெள்ளிக்கிழமை அந்தப் பிள்ள காதியார்ட்ட போகப்போகுதாம், பிரிச்சுத் தரச் சொல்லி. வழியில அவட மரைக்கார் சொன்னார். ரெண்டு பிள்ளைகள். ஒரு தேத்தண்ணிக் கோப்பையோட முடிஞ்சிருக்கவேண்டிய சண்டை."

"நீங்க மாத்திச் சொல்லிடுங்க. உங்கட சொல்லுக்கு மேல ஆர் கதைப்பாங்க?"

"நான் மாத்தினா உன்ட சொல்ல இனி ஒருத்தரும் கேக்கமாட்டாங்க. மாத்தாட்டி என்ட பள்ளிக்குள்ள ஒருத்தரும் நடக்க ஏலாது. நீயே பாரு."

புதன்கிழமை காலையில் ஆதம்பாவாவிடம் போனேன். ஓட்டுக்குமேல் உட்கார்ந்திருந்தான், தாடி வளர்ந்திருந்தது.

"வீட்ட போடா."

"எப்பிடி மரைக்கார் போற? எடுக்கட்டும் எண்டா, எடுத்தன். வாங்க எண்டு சொல்லட்டும், போறன்."

சரிபாவிடம் போனேன். அவள் உள்ளே கதவு மறைவில் நின்று கதைத்தாள். கதவு இருந்தது, மேலே ஒன்றும் இல்லை. வெயில் நேராக என் தலையில் இறங்கியது.

"நான் அவரைப் போகச் சொன்னனா, மரைக்கார்? கதவு திறந்துதான் கிடக்கு. முகடும் திறந்துதான் கிடக்கு. எதால வேணுமெண்டாலும் வரட்டும்."

"நீ ஒரு சொல்லுக் கூப்பிட்டா வந்துடுவான், மகள்."

"அப்ப நீங்க ஒண்டு சொல்லுங்க. பிழை ஆர்ல?"

நான் தொண்டையைச் செருமினேன். "ரெண்டு பேர்லயும் கொஞ்சம் கொஞ்சம்" என்றேன்.

அவள் குசினிக்குப் போய்விட்டாள். அம்மி அரைக்கிற சத்தம் கேட்டது. மரைக்கார் ஒருவரை வாசலில் நிறுத்திவிட்டு ஒரு பெண் அம்மி அரைக்கப் போனால் அந்த மரைக்காரைப் பற்றி அவள் என்ன நினைக்கிறாள் என்று அறிய வகுப்புப் படிக்கத் தேவையில்லை.

வீடு திரும்பும் வழியெல்லாம் யோசித்தேன். அவள் வாய் தவறி ஒரு வார்த்தை விட்டாள். அவன் ரோசத்தில் ஒரு கேள்வி கேட்டான். இரண்டும் வீட்டுக்குள் கிடந்து ஆறியிருக்கும். அதைத் தூக்கித் தீர்ப்பாக்கி, வண்டியும் கொடுத்தது யார்? அவர்கள் இரண்டு பேரும் முதலில் வாய் திறக்க வெட்கப்படுகிறார்கள். அந்த வெட்கத்தை யாராவது ஒருவர் வாங்கிக்கொண்டால்தான் வேலை நடக்கும். இதைக் கண்டுபிடித்தது நான், யாரும் சொல்லித்தரவில்லை.

அன்று லுஹர் தொழுகை முடிந்ததும் எழும்பி நின்றேன். "வெள்ளிக்கிழமை நான் சொன்ன தீர்ப்புப் பிழை. பிழை செஞ்ச ஆளுக்குப் பள்ளித் தெண்டம் உண்டு. மற்றவங்களுக்கு மண் சுமக்க விடுறம். எனக்கு ஓடு. இந்த ஓட்ட நானே கொண்டுபோய், நானே ஏறி, அந்த வீட்டுல போடுறன்" என்றேன். கதவைத் தலையில் சுமந்தவன் வெள்ளையாக வெளுத்துப்போய் வெளியே போனதைப் பார்த்தேன். பின்னேரத்துக்குள் அந்தக் கதவு பழைய இடத்தில் நின்றதாம்.

வியாழக்கிழமை. மேகம் கடல் பக்கம் கறுத்துக்கொண்டு நின்றது. ஊர் பாதி அந்தத் தெருவில். தலைமை மரைக்கார் வேலியோரம் கதிரை போட்டு உட்கார்ந்தார். சரிபாவின் மரைக்கார், அந்த வயதான மனிதர், ஏணியைப் பிடித்துக்கொண்டார். "செவ்வாய்க்கிழமை எண்டு சொன்னன்தானே, தம்பி?" என்று ஒரே ஒரு தரம் கேட்டார், மறுபடி கேட்கவில்லை. நல்ல மனிதர்.

நான் கருவாடு சுமந்திருக்கிறேன், நெல் சுமந்திருக்கிறேன், சுமையில் என்னை வெல்ல ஆளில்லை. ஆனால் அன்றுவரை கூரையில் ஏறியதில்லை. சலாகை கீழிருந்து பார்க்கும்போது அகலம், மேலே போனால் ஒல்லி. முதல் ஓட்டை வைத்தேன், நின்றது. இரண்டாவது வைத்தேன், முதலாவது நழுவியது. கீழே சரிபா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, பிள்ளையை இடுப்பில் வைத்தபடி அண்ணாந்து பார்த்தாள்.

"மரைக்கார், அது வாய் பிரிஞ்சு நிக்கிது."

"எது?"

"எல்லாம்."

தெரு சிரித்தது. ஏழு ஓடு வைப்பதற்குள் கட்டியிருந்த என் சாரம் சலாகையில் மாட்டிக் கிழிந்துவிட்டது. ஆதம்பாவா வேலிக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தான். முதலில் கையைக் கட்டியிருந்தான். மூன்றாவது ஓட்டில் கையை அவிழ்த்தான். ஐந்தாவதில் வேலியைப் பிடித்தான். ஏழாவது ஓட்டை நான் தலைகீழாக வைத்தபோது வேலியைத் தாண்டிவிட்டான்.

"இறங்குங்க மரைக்கார். அடி வரிசைய விட்டுட்டு நடுவுலயா தொடங்குற? என்ன வேலை இது?"

"என்ட தெண்டம்டா, நான்தான் போடணும்."

"தெண்டத்தை வேற எங்கயாவது போடுங்க. இது என்ட கைமரம்."

ஏணியில் ஏறி வந்து என்னை இடுப்பில் பிடித்து ஒரு பக்கமாக உட்காரவைத்தான். அடி வரிசையில் ஓட்டைப் போடத் தொடங்கினான். அவன் கை ஓடுகிற வேகத்தைப் பார்த்துத் தெரு வாயை மூடிக்கொண்டது. அப்போது கீழே இருந்து சரிபா சொன்னாள், யாரையும் பார்க்காமல்:

"மச்சான், அந்த மூலைக் கைமரத்துல கால வைக்காதீங்க. உளுத்துப்போச்சு, மாத்தணும் எண்டு நீங்கதான் சொன்னீங்க."

அவன் காலை எடுத்து அடுத்த மரத்தில் வைத்தான்.

"ஓம்" என்றான்.

எட்டு நாளைக்குப் பிறகு புருசனும் பெண்சாதியும் ஒழுங்காகக் கதைத்த கதை அவ்வளவுதான். வேலியோரம் இருந்த தலைமை மரைக்கார் எழும்பி, கதிரையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். நான் போகவில்லை. எனக்கு இறங்கப் பயம். ஓட்டுக் கூரையில் உட்கார்ந்தபடியே கேட்டேன், தீர்ப்பு என்று ஒன்று இருக்கவேண்டுமல்லவா:

"சரிபா, இப்ப இந்த ஓடு ஆர்ட?"

"மேல இரிக்கிற வரைக்கும் வீட்டுட" என்றாள். "கீழ இறங்கின அண்டைக்குப் பாப்பம். தேத்தண்ணி ரெண்டு வைக்கட்டா, மூண்டு வைக்கட்டா?"

மூன்று வைத்தாள். வெள்ளிக்கிழமை காதியார் வீட்டுக்கு யாரும் போகவில்லை. அன்றிரவே மாரி தொடங்கியதாகச் சிலர் சொல்வார்கள், அது அழகுக்குச் சொல்வது. நாலு நாள் கழித்துத்தான் தொடங்கியது.

மழை வந்ததும் ஒன்று தெரியவந்தது. நான் வைத்த ஏழு ஓட்டை ஆதம்பாவா அவசரத்தில் அப்படியே விட்டு, சுற்றிவரப் போட்டிருக்கிறான். அந்த இடத்தில் ஒழுக்கு, வீட்டின் கூடமான மண்டபத்துக்கு நேர் நடுவில். அவன் ஏறித் திருத்தப் போனபோது சரிபா விடவில்லை. "கிடக்கட்டும். மரைக்கார்ட தெண்டம், நாம கை வைக்கக் கூடாது" என்றாளாம்.

பிறகு இருபது வருசத்துக்கு மேலாக, அந்தக் குடியும் எங்கள் குடியும் சேர்ந்த எந்த விசாரணை வந்தாலும் சரிபாவின் மண்டபத்தில்தான் கூடுவோம், பெரிய மண்டபம். மாரி காலமானால் எனக்கென்று ஒரு கதிரை அந்த ஒழுக்குக்கு நேர் கீழே போட்டிருப்பாள். நான் முடிவு சொல்ல வாயைத் திறப்பேன், தொப்பியில் ஒரு சொட்டு விழும். வாயை மூடிக்கொண்டு, குசினிப் பக்கம் திரும்பி, அங்கே நிற்கிற பெண்களிடம் இன்னுமொரு கேள்வி கேட்பேன். அந்த ஒரு கேள்வியில் திரும்பிய விசாரணைகள் எத்தனை என்று எனக்குத்தான் தெரியும்.

இப்போது அந்த வீடு சரிபாவின் மகளுடையது. ஒழுக்கு இன்னும் இருக்கிறது, போன மாரியில் போய்ப் பார்த்தேன். உங்களில் யாராவது அங்கே விசாரணைக்குப் போகவேண்டி வரும். அந்தப் பிள்ளை காட்டுகிற கதிரையில் உட்காருங்கள். அதை ஒரு பக்கமாக இழுத்துப் போட்டுக்கொள்ளாதீர்கள்.